சுவரைத் தாண்டிச் சத்தம் வருகிறது, வெளிச்சம் ஏன் வரவில்லை?

தைப்பூச இரதம் பினாங்கு வீதியில் இன்னும் முனை திரும்பவில்லை. ஆனால் உறுமி மேளம் அடுத்த வீதியிலேயே கேட்க ஆரம்பித்துவிடுகிறது. கடை வீடுகளின் ஐந்தடிப் பாதையில் நிற்பவர் காதுக்கு முதலில் வருவது அந்தக் கனத்த அதிர்வு மட்டும்தான். ஜாலராவின் மெல்லிய ஒலி இரதம் முனையை நெருங்கும்போதுதான் துலங்கும். இரதத்தின் விளக்குகளோ முனை திரும்பினால்தான் கண்ணில் படும். மூன்றும் ஒரே இடத்தில் கிளம்பியவை, மூன்றும் அலைகள். ஒன்று வளைந்து வருகிறது, ஒன்று அரைகுறையாக வருகிறது, ஒன்று வருவதே இல்லை.

நான்காம் படிவ இயற்பியலில் அலை ஐந்தாம் பாடம், ஒளி ஆறாம் பாடம். பந்துலான் (எதிரொளிப்பு), பெம்பியாசான் (விலகல்), பெம்பெலாவான் (விளிம்பில் வளைதல்), இன்டர்ஃபெரன்ஸ் (குறுக்கீடு) என்று மலாய்ப் பெயர்களில் தலைப்பு தலைப்பாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு படம், ஒரு வாய்பாடு என்று மனப்பாடம் செய்கிறார்கள். தமிழ்ப்பள்ளியில் அறிவியலை நன்றாகப் படித்த பிள்ளைகள்கூட இங்கேதான் தடுமாறுகிறார்கள். அலை ஒன்று, அதன் குணம் ஒன்று என்பதை முதலிலேயே சொல்லிவிட்டால் இந்தத் தடுமாற்றத்தில் பாதி குறையும்.

எந்த அலையைப் பார்த்தாலும் இரண்டு கேள்விகள் கேளுங்கள். இதன் அலைநீளம், அதாவது ஒரு முகட்டிலிருந்து (மேட்டிலிருந்து) அடுத்த முகடு வரை உள்ள தூரம், என்ன? இது மோதும் பொருள், அல்லது நுழையும் துளை, எவ்வளவு பெரியது? இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு என்றால் அலை வளையும், விரியும், சிதறும். பொருள் பல மடங்கு பெரிது என்றால் அலை நேராகப் போகும், பின்னால் நிழல் விழும். பொருள் மிகச் சிறிது என்றால் அலை அதைக் கண்டுகொள்ளாமல் கடந்துவிடும். துளை மிகச் சிறிது என்றால் அலை உள்ளேயே நின்றுவிடும்.

உறுமிக்கு இதைப் போட்டுப் பார்ப்போம். 30 பாகை செல்சியஸ் காற்றில் ஓசை விநாடிக்குச் சுமார் 350 மீட்டர் போகிறது. விநாடிக்கு 100 முறை அதிரும் கனத்த ஓசையின் அலைநீளம் 350-ஐ 100-ஆல் வகுத்தால் வரும் 3.5 மீட்டர். ஐந்தடிப் பாதையின் அகலமே 1.5 மீட்டர்தான், அதன் ஓரத்துத் தூண் அதைவிடச் சிறிது. அந்த ஓசைக்குக் கட்டட முனை ஒரு தடையே இல்லை. 5,000 ஹெர்ட்ஸில் (விநாடிக்கு 5,000 அதிர்வு) ஒலிக்கும் ஜாலராவின் அலைநீளம் 7 செ.மீ., அதற்குத் தூண் பெரிது. பச்சை ஒளியின் அலைநீளமோ சுமார் 0.0005 மி.மீ. அரை மீட்டர் தூண் அதைப்போல் பத்து இலட்சம் மடங்கு. ஒளி வளையவே வளையாது என்று நாம் நம்புவதற்குக் காரணம் இந்த விகிதம் மட்டுமே. ஒளியையும் வளைய வைக்கலாம். அதற்கு ஒரு தலைமுடி போதும், பின்னால் பார்ப்போம்.

அலைநீளத்தைக் கண்டுபிடிப்பது

வேகம் = அதிர்வெண் (விநாடிக்கு எத்தனை அதிர்வு) × அலைநீளம். எல்லா அலைக்கும் இது ஒன்றுதான். ரேடியோ, கைப்பேசி, வைஃபை, ஒளி, எக்ஸ்-கதிர் எல்லாம் மின்காந்த அலைகள். வெற்றிடத்தில் அவற்றின் வேகம் விநாடிக்கு 300,000 கிலோமீட்டர் (துல்லியமாக 299,792.458), காற்றிலும் ஏறக்குறைய அதேதான். ஆகவே ஒரு குறுக்கு வழி இருக்கிறது: 300-ஐ மெகாஹெர்ட்ஸில் (விநாடிக்குப் பத்து இலட்சம் அதிர்வு) உள்ள அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் வந்துவிடும். கோலாலம்பூரில் மின்னல் எஃப்எம் வானொலி 96.3 மெகாஹெர்ட்ஸ், அதாவது 3.12 மீட்டர். ராகா 99.3, அதாவது 3.02 மீட்டர். கையடக்க ரேடியோவில் இழுத்து நீட்டும் ஏரியலை முழுதாக நீட்டி அளந்து பாருங்கள். பல ரேடியோக்களில் 70-லிருந்து 75 செ.மீ.க்குள் இருக்கும். அலைநீளத்தில் கால் பங்கு அது.

காரில் போகும்போது சிவப்பு விளக்கில் நின்றதும் பாட்டு இரைச்சலாகிறது, கொஞ்சம் முன்னால் நகர்த்தினால் தெளிந்துவிடுகிறது. உயரமான கட்டடங்கள் நெருங்கிய கோலாலம்பூர் சாலைகளில் இது சாதாரணம். ஒலிபரப்புக் கோபுரத்திலிருந்து நேராக வரும் அலையும், கட்டடத்தில் பட்டுத் திரும்பி வரும் அலையும் ஒன்றின் முகட்டில் மற்றதன் அகடு (பள்ளம்) விழும்படி சந்தித்த புள்ளியில் உங்கள் ஏரியல் நின்றுவிட்டது, அவ்வளவுதான். இரண்டும் எதிரெதிராக வந்தால், செத்த புள்ளிக்கும் நல்ல புள்ளிக்கும் இடையே கால் அலைநீளம், அதாவது முக்கால் மீட்டர். வைஃபைக்கும் இதே கணக்கு. 2.4 கிகாஹெர்ட்ஸின் (2,400 மெகாஹெர்ட்ஸ்) அலைநீளம் 12.5 செ.மீ., கால் பங்கு 3 செ.மீ. வீட்டில் ஒரு மூலையில் மட்டும் இணையம் கிடைக்கவில்லை என்றால், புதுக் கருவி வாங்கும் முன் ரௌட்டரை ஒரு சாண் நகர்த்திப் பாருங்கள்.

ஊடகம் மாறும்போது எது மாறும், எது மாறாது

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வாக்கியத்தைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்: ஓர் ஊடகத்திலிருந்து (காற்று, நீர், கண்ணாடி போல அலை கடக்கும் பொருள்) இன்னொன்றுக்குப் போகும்போது அலையின் அதிர்வெண் மாறாது. எல்லைக்கு விநாடிக்கு எத்தனை முகடுகள் வருகின்றனவோ அத்தனைதான் அந்தப் பக்கம் போக முடியும். நடுவில் முகடு பிறக்கவோ மறையவோ வழியில்லை. வேகம் குறைகிறது என்றால் அலைநீளம்தான் சுருங்கியாக வேண்டும்.

அலை சாய்வாக வந்தால் இன்னொன்றும் நடக்கும். கை கோத்து வரிசையாக நடப்பவர்கள் தார்ச்சாலையிலிருந்து சாய்வாக மணலுக்குள் இறங்கினால், முதலில் மணலில் கால் வைத்த ஓரம் மெதுவாகிறது, மறு ஓரம் பழைய வேகத்திலேயே வருகிறது, வரிசை தானே திரும்பிவிடுகிறது. விலகல் இதுதான், ஒளிக்கு நடந்தால் ஒளிவிலகல். பினாங்கின் பத்து ஃபெரிங்கி கடற்கரையில் நின்று கடலைப் பாருங்கள். தூரத்தில் எந்தத் திசையிலிருந்து கிளம்பிய அலையானாலும், கரைக்கு வரும்போது ஏறக்குறைய கரைக்கு இணையாகத்தான் வந்து உடைகிறது. ஆழம் குறைந்த நீரில் அலையின் வேகம் புவியீர்ப்பு முடுக்கத்தையும் ஆழத்தையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் கிடைக்கும். 4 மீட்டர் ஆழத்தில் விநாடிக்கு 6.3 மீட்டர், 1 மீட்டர் ஆழத்தில் 3.1 மீட்டர். கரைக்கு அருகில் இருக்கும் பகுதி எப்போதும் பின்தங்கும், எனவே அலை கரையை நோக்கித் திரும்பும்.

இதே வாய்பாடு 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஐப் பற்றியும் நிறையச் சொல்கிறது. மலேசிய நேரப்படி காலை 9 மணிக்குச் சற்று முன் வட சுமத்திராவுக்கு மேற்கே கடலடியில் நிலம் அதிர்ந்தது. பினாங்குக் கரையை ஆழிப்பேரலை தொட்டது பிற்பகல் 1 மணிக்குப் பிறகு. மலேசியாவில் மாண்ட 68 பேரில் பெரும்பாலோர் பினாங்கில் இருந்தவர்கள். சுமத்திரா நடுவே சுவர்போல் நிற்க, அலை எப்படி வந்தது? ஏன் நான்கு மணி நேரத்துக்கும் மேல் ஆனது?

4,000 மீட்டர் ஆழக் கடலில் வேகம் விநாடிக்கு 198 மீட்டர், அதாவது மணிக்கு 710 கிலோமீட்டர். ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையே 20 நிமிடம் என்று வைத்துக்கொண்டால் அலைநீளம் சுமார் 240 கிலோமீட்டர். அந்த அளவு அலைக்குச் சுமத்திராவின் வடமுனை ஓர் உறுமிக்குத் தெருமுனை எப்படியோ அப்படித்தான், சுற்றி வளைந்து வந்துவிடும். மலாக்கா நீரிணைக்குள் நுழைந்ததும் ஆழம் குறைந்துவிடுகிறது. 60 மீட்டர் ஆழம் என்று எடுத்தால் வேகம் மணிக்கு 87 கிலோமீட்டர்தான். அந்த 20 நிமிடம் மாறவில்லை, அதிர்வெண் மாறாது அல்லவா? அதனால் அலைநீளம் 29 கிலோமீட்டராகச் சுருங்கியது. முன்பகுதி மெதுவாகிவிட, பின்பகுதி நெருங்கி வர, ஆற்றல் குறுகிய நீளத்துக்குள் அடங்க வேண்டியிருந்ததால் உயரம் கூடியது. இந்தத் தாமதத்தைப் புரிந்துகொள்வது மாணவருக்குத் தேர்வுக்கு மட்டும் பயன்படுவதல்ல. பெரிய அதிர்வு நடந்து பல மணி நேரம் கழித்தும் பினாங்குக் கரை ஆபத்தில் இருக்கலாம். முதல் அலை வந்து போனதும் கரைக்குத் திரும்பிப் போகவும் கூடாது.

ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் கட்டியும் குண்டூசியும்

ஒளிவிலகல் எண் (ஒளியின் வேகம் கண்ணாடியில் எத்தனை மடங்கு குறைகிறது என்பது) கண்டுபிடிக்கும் சோதனையில் பிழை வரும் இடங்கள் எல்லாப் பள்ளியிலும் ஒன்றேதான். கோணத்தைக் கண்ணாடியின் பரப்பிலிருந்து அளக்கக்கூடாது, பரப்புக்குச் செங்குத்தாக வரைந்த கோட்டிலிருந்து அளக்க வேண்டும். படுகோணம் 40 பாகை, விலகுகோணம் 25.4 பாகை என்றால் சைன்களின் விகிதம் 0.643 ÷ 0.429, அதாவது 1.5. பரப்பிலிருந்து அளந்தவருக்கு 50, 64.6 என்று வரும், விகிதம் 0.85 ஆகிவிடும். காற்றிலிருந்து கண்ணாடிக்குப் போகும் ஒளிக்கு 1-க்கும் குறைவாக விடை வந்தால் வேறெதையும் தேட வேண்டாம், இந்தப் பிழைதான்.

இன்னொன்று, சிறிய கோணங்களை நம்பாதீர்கள். படுகோணம் 10 பாகையாக இருக்கும்போது விலகுகோணத்தை ஒரு பாகை கூடுதலாகப் படித்துவிட்டால் விடை 1.5-லிருந்து 1.30-க்கு இறங்கிவிடும். 60 பாகையில் அதே ஒரு பாகைப் பிழைக்கு விடை 1.46, ஏற்றுக்கொள்ளலாம். 30-லிருந்து 70 பாகை வரை ஐந்தாறு அளவுகள் எடுத்து, இரண்டு சைன்களையும் வரைபடத்தில் போட்டு, கோட்டின் சாய்வைக் கணக்கிடுங்கள். கட்டியைச் சுற்றிப் பென்சிலால் முதலிலேயே கோடு போட்டுவிடுங்கள். நடுவில் கட்டி அசைந்தால் எல்லாம் வீண்.

திரும்பிப் போகும் ஒளிக்கு, அதாவது கண்ணாடியிலிருந்து காற்றுக்கு, 42 பாகைக்கு மேல் வெளியேற வழியில்லை. முழுவதும் உள்ளேயே திரும்பிவிடும். வீட்டுக்கு வரும் ஃபைபர் இணையம் இதை நம்பித்தான் ஓடுகிறது. அதற்குள் ஓடுவது 1,310, 1,490 நானோமீட்டர் (ஒரு மி.மீ.யில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு) அகச்சிவப்பு ஒளி, கண்ணுக்குத் தெரியாது. கழற்றிய முனையைக் கண்ணருகே கொண்டுபோகக் கூடாது என்பது அதனால்தான். உள் இழைக்கும் வெளியுறைக்கும் ஒளிவிலகல் எண்ணில் உள்ள வித்தியாசம் மிகச் சிறியது. கம்பியை அலமாரிக்குப் பின்னால் இறுக்கமாக மடித்துவிட்டால் வளைவில் ஒளி கசிந்துவிடும், மோடத்தில் சிவப்பு விளக்கு எரியும். 3 செ.மீ. ஆரத்துக்குக் குறையாமல் வளைத்துவிட்டால் பெரும்பாலும் தொல்லை இல்லை.

சேர்ந்தால் கூடும், சேர்ந்தால் குறையும்

இரண்டு அலைகள் சந்திக்கும் இடத்தில் முகடும் முகடும் சேர்ந்தால் பெரிதாகும், முகடும் அகடும் சேர்ந்தால் அழியும். கல்யாண மண்டபத்தில் இரண்டு ஒலிபெருக்கிகள் வைத்தும் தவிலின் கனம் மட்டும் காணோம், ஒன்றை அணைத்தால் கனம் கூடுகிறது என்றால் ஒரு பெட்டியின் கூட்டல், கழித்தல் கம்பிகள் மாறியிருக்கின்றன. ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றது இழுக்கிறது. 3.5 மீட்டர் அலைநீளமுள்ள கனத்த ஓசைக்கு இரண்டு மீட்டர் இடைவெளியில் நிற்கும் இரண்டு பெட்டிகளும் ஏறக்குறைய ஒரே இடம்தான், ஆகவே மண்டபத்தின் பெரும்பகுதியிலும் அழிந்துவிடும். பாடகியின் உச்சக்குரலுக்கு அலைநீளம் சிறிது, அது சில இருக்கைகளில் கூடியும் சிலவற்றில் குறைந்தும் கேட்கும். சமப்படுத்தியில் (ஈக்குவலைசரில்) கனத்தை ஏற்றிக்கொண்டே போவதால் பயனில்லை. கம்பியை மாற்றுங்கள்.

மைக்ரோவேவ் அடுப்புக்குள்ளும் இதே கூட்டல் கழித்தல்தான். அதன் அலை 2,450 மெகாஹெர்ட்ஸ், அலைநீளம் 12.2 செ.மீ. கதவில் இருக்கும் உலோகச் சல்லடையின் துளை ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். 12 செ.மீ. அலை அதன் வழியே வெளியேற முடியாது, 0.0005 மி.மீ. ஒளிக்கோ அது அகலத் திறந்த வாசல். உள்ளே வேகும் உணவு தெரிகிறது, அலை வெளியே வருவதில்லை. ஒரே துளை, இரண்டு அலைகள், இரண்டு விடைகள்.

ஒளியின் வேகத்தை அப்பளத்தாலேயே அளக்கலாம். சுழலும் தட்டையும் அதன் கீழுள்ள உருளை வளையத்தையும் எடுத்துவிட்டு, அசையாத தட்டில் பொரிக்காத அப்பளங்களை இடைவெளியில்லாமல் பரப்பி, 20-லிருந்து 30 விநாடி ஓட்டுங்கள். சில இடங்கள் மட்டும் வெளுத்துப் பொங்கும். பக்கத்துப் பக்கத்துப் பொங்கல்களின் மையங்களுக்கு இடையே உள்ள தூரம் அரை அலைநீளம், சுமார் 6 செ.மீ. அதை இரண்டால் பெருக்கி, அடுப்பின் பின்புறம் அச்சிட்டிருக்கும் அதிர்வெண்ணால் பெருக்குங்கள்: 0.122 × 2,450,000,000, விநாடிக்கு 299 மில்லியன் மீட்டர். ஓர் இடைவெளியை மட்டும் அளந்தால் 5 வரலாம், 7 வரலாம். அடுப்பு முப்பரிமாணப் பெட்டி, அலைகள் மேலும் கீழும்கூட மோதித் திரும்புகின்றன. ஐந்தாறு இடைவெளிகளை அளந்து சராசரி எடுக்க வேண்டும். அதிக நேரம் விட்டால் எல்லாமே பொங்கிவிடும், அளக்க ஒன்றும் மிஞ்சாது. அடுப்பை வெறுமையாக ஓட்டாதீர்கள்.

மழையும் புகைமூட்டமும்

காற்றின் மூலக்கூறுகள் ஒளியின் அலைநீளத்தைவிட மிக மிகச் சிறியவை. அந்த நிலையில் சிதறல் அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். 450 நானோமீட்டர் நீலம் 650 நானோமீட்டர் சிவப்பைவிட நான்கு மடங்குக்கு மேல் சிதறுகிறது, வானம் நீலமாகிறது. புகைமூட்டம் வந்தால் கோலாலம்பூர் வானம் வெளுத்துச் சாம்பலாகிவிடுகிறதே, ஏன்? காற்றில் மிதக்கும் புகைத்துகள்கள் ஒளியின் அலைநீளத்தை ஒத்த அளவுள்ளவை. நீலத்துக்குத் தனிச்சலுகை போய்விடுகிறது, எல்லா நிறமும் ஏறக்குறையச் சமமாகச் சிதறுகிறது.

கூரையில் இருக்கும் செயற்கைக்கோள் தட்டு பிடிக்கும் 12 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 2.5 செ.மீ. கொட்டும் மழையில் துளிகள் 5 மி.மீ. வரை பெருக்கும், தண்ணீர் அந்த அலையை விழுங்கவும் செய்யும். படம் உறைந்து போகிறது. 900 மெகாஹெர்ட்ஸ் கைப்பேசி அலைக்கு நீளம் 33 செ.மீ., துளி அதற்குத் தூசு, பேச்சு தடைபடுவதில்லை. மழையின்போது கூரையேறித் தட்டைத் திருப்பாதீர்கள். 60 செ.மீ. தட்டு பார்க்கும் அகலம் சுமார் 3 பாகைதான். கொஞ்சம் திரும்பினாலும் மழை விட்ட பிறகும் படம் வராது.

தலைமுடியால் ஒளியை வளைப்பது

தேவை: 1 மில்லிவாட் சிவப்பு லேசர், ஒரு தலைமுடி, ஒட்டுநாடா, மீட்டர் கோல், இருட்டறை. லேசரின் வாயில் முடியைக் குறுக்கே இழுத்து ஒட்டி, 2 மீட்டர் தள்ளி இருக்கும் வெள்ளைச் சுவரில் அடியுங்கள். புள்ளி ஒரு கோடாக இழுபட்டு, நடுவே நீண்ட வெளிச்சமும் இரு பக்கமும் சிறு சிறு துண்டுகளுமாகத் தெரியும். துண்டுகளுக்கு இடையே இருட்டு. கதிரைக் கண்ணுக்கோ கண்ணாடிக்கோ திருப்பாதீர்கள். லேசரைக் கையில் பிடிக்காமல் இரண்டு புத்தகங்களுக்கு நடுவே செருகிவிட்டால் சுவரில் படம் ஆடாது.

இடது மூன்றாம் இருட்டிலிருந்து வலது மூன்றாம் இருட்டு வரை அளந்து ஆறால் வகுங்கள். ஐந்தால் அல்ல. நடு வெளிச்சம் மற்றவற்றைப்போல் இரு மடங்கு அகலம், அது இரண்டு இடைவெளிகளுக்குச் சமம். இந்தச் சோதனையில் அதிகம் நேரும் பிழை இதுதான். மொத்தம் 9.8 செ.மீ. வந்தால் ஓர் இடைவெளி 1.63 செ.மீ. இனி முடியின் தடிமன் = அலைநீளம் × சுவரின் தூரம் ÷ இடைவெளி. 0.00065 மி.மீ. × 2,000 மி.மீ. ÷ 16.3 மி.மீ., அதாவது 0.08 மி.மீ. சாதாரணத் தலைமுடியின் தடிமன் இந்த அளவில்தான் இருக்கும். முடி மெலிதாக இருந்தால் படம் அகலும், தடித்திருந்தால் சுருங்கும். தொடங்கிய இடத்திலேயே சொன்ன விகிதம்தான், ஆனால் இப்போது கோலால் அளக்கும்படி சுவரில் இருக்கிறது.

பச்சை லேசர் இருந்தால் 532 நானோமீட்டரில் இடைவெளி 1.33 செ.மீ.யாகக் குறைய வேண்டும். வீட்டில் பழைய குறுந்தட்டு இருந்தால் அதையும் விடாதீர்கள். சிடியில் தடங்களுக்கு இடையே 1.6 மைக்ரோமீட்டர் (ஒரு மைக்ரோமீட்டர் மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு). சிவப்பு லேசரை நேராக அடித்தால், திரும்பி வரும் ஒளியில் முதல் பக்கப் புள்ளி 24 பாகையில் விலகி விழும்; அலைநீளத்தை இடைவெளியால் வகுத்தால் அந்தக் கோணத்தின் சைன் வரும். டிவிடியில் இடைவெளி 0.74 மைக்ரோமீட்டர், புள்ளி 61 பாகைக்குப் போய்விடும். புளூ-ரே தட்டில் 0.32 மைக்ரோமீட்டர்தான். அங்கே சிவப்பு லேசருக்குப் பக்கப் புள்ளி வராது, எந்தக் கோணத்தில் சாய்த்தாலும் வராது. 0.65-ஐ 0.32-ஆல் வகுத்தால் 2-க்கு மேல் போகிறது. சாய்த்து அடித்தாலும் படும் கோணம், விலகும் கோணம் இரண்டின் சைன்களும் சேர்ந்து 2-ஐத் தாண்டாது, எனவே அதற்கு இடங்கொடுக்கும் கோணம் இல்லை.